பன்னிரண்டு மூடி

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு அவள் புருஷனுடைய பேன்ட்டின் பின்தையலைப் பிரித்தாள். உள்ளே துணி இல்லை.

தைக்கும்போதே இரண்டு விரல் அகலம் உள்ளே மடக்கி விட்டிருந்தாள், உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. அந்த இரண்டு விரலும் ஒரு வருஷத்தில் மூன்று தடவையாகத் தீர்ந்துவிட்டது. இப்போது துணியின் விளிம்புதான் இருந்தது. அதில் நூல் தொங்கியது.

“ஆச்சா?” என்றார் அவர்.

பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தியிருந்தார். விடிந்ததும் அப்படித்தான் உட்காருவார். கட்டில் மட்டும் லேசாக ஆடும்.

“விடுறதுக்கு இடமில்ல.”

“அப்பப் புதுசாத் தை. பள்ளிக்கூடத் துணியிலயே தை. அஞ்சாம் வகுப்புல ஒரு ஓரமா நானும் உக்காந்துக்கிறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல்லில் நூலைக் கடித்திருந்ததால் சிரிக்கவில்லை.

அடுப்படிக்குப் போனாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் இருந்தது. அதன் தலையில் இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் மூடி கவிழ்த்திருந்தது. மூடியில் பத்து என்று ஒரு கோடு. கோடு வரை ஊற்றி டம்ளரில் கவிழ்த்தாள். பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். முதல் வாய் பனியனில் சிந்தியது. மற்றது உள்ளே போனது. கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரித்தார்.

“நின்னுடுச்சு. மெஷின் தயார்.”

அவர் கட்டிங் மாஸ்டர். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம். நாற்பது மடிப்புத் துணியை நீள மேசையில் அடுக்கி, மேலே அளவு அட்டையை வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கட்டிங் மெஷினை உள்ளே விட்டால் மேல் துணியும் அடித் துணியும் ஒரே அளவாக வரும். மெஷின் என்றாலும் கைதான் ஓட்டவேண்டும். கை அரை விரல் நகர்ந்தால் நாற்பது சட்டை போகும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் குடிக்காமல் வேலைக்குப் போனார். அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். பதினோரு மணிக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி துணியோடு போய்விட்டது. மறுநாளிலிருந்து காலையில் அவளே ஊற்றிக் கொடுத்தாள். அப்போது நாலு மூடி. பாட்டில் அவர் கையில் இருந்தால் பாட்டில் அளவு, தன் கையில் இருந்தால் மூடி அளவு என்று நினைத்தாள். அதை அவள் குடி என்ற கணக்கில் சேர்க்கவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விடுவது போல. மத்தியானத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்கில் எட்டு மூடி கொண்டுபோவாள். அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. சாயங்காலம் அவர் எங்கே போய் எவ்வளவு குடிக்கிறார் என்பதில் அவள் தலையிடுவதில்லை. அதுவும் ஏற்பாட்டில் ஒன்று.

“எந்திரிங்க. புதுசுக்கு அளவு எடுக்கணும்.”

டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நாற்பத்தி நாலு. கைச்சுற்று பத்தரை. தோள் பதினேழரை. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நோட்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு. கடைசிப் பக்கம் மட்டும் வீட்டுக்கு. மகள் கல்யாணமாகிப் போனபிறகு அதில் அவர் ஒருவர்தான். எழுதி மூடினாள்.

“எவ்வளவு?” என்றார்.

“உடம்பு போட்டிருக்கீங்க.”

“வீட்டுச் சாப்பாடு.”

கதவு திறந்தே இருந்தது. அவளுடைய அக்கா உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வாரத்துக்கு ஒருநாள் இங்கே ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை.

“தம்பி, வெளிச்சத்துக்கு வா.”

“என்னக்கா, பொண்ணு பாக்க வந்தியா?”

“வா சொல்றேன்.”

ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். எடுத்த இடத்தில் குழி இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். குழி நிரம்பவில்லை. அக்கா பக்கத்தில் இன்னொரு குழி போட்டாள்.

“பல்லாங்குழி ஆடப்போறியா?” என்றார் அவர்.

அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். “இவன் உடம்பு போட்டிருக்கான்னு நீ நெனச்சியா?”

“இடுப்பு ஏறிட்டே வந்துச்சு.”

“கையைப் பாத்தியா?”

அவள் நோட்டை மறுபடி திறந்தாள். கடைசிப் பக்கத்தில் நாலு வருஷம் இருந்தது. இடுப்பு முப்பத்தி நாலு, முப்பத்தி ஆறு, முப்பத்தி ஒன்பது, நாற்பத்தி நாலு. கைச்சுற்று பதிமூன்று, பன்னிரண்டரை, பதினொன்றரை, பத்தரை. பேன்ட் இடுப்பை விட்டவளும் அவள்தான், தளர்ந்த சட்டைக் கையைப் பிடித்துத் தைத்தவளும் அவள்தான். பேன்ட்டை ஒரு நாள் எடுப்பாள், சட்டையை வேறொரு நாள் எடுப்பாள். இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாகப் பார்த்ததில்லை.

“பத்து மணிக்கு ஓபி. எனக்குத் தெரிஞ்ச டாக்டர்தான். இன்னிக்கே கூட்டிட்டு வா,” என்றாள் அக்கா. டீயைக் குடிக்கவில்லை.

*

வெளியே புழுங்கியது. மூன்று நாளாக வானம் மூடியே கிடந்தது. மழை இறங்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் மின்விசிறி ஓடினாலும் காற்று வரவில்லை. ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கவில்லை. எழுந்து பெஞ்சில் இருந்தவர்களின் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

“அந்தாளு காலரைப் பாரு. யாரோ தூக்கத்துல வெட்டியிருக்கான்.”

“உக்காருங்க.”

“உக்காந்தா வயிறு இடிக்குது.”

டாக்டர் சின்ன வயசுப் பெண். முதலில் அவர் காலைத்தான் பார்த்தார். குண்டூசி ஒன்றை எடுத்தார்.

“கண்ணை மூடுங்க. குத்தும்போது சொல்லுங்க.”

அவர் மூடினார். கொஞ்ச நேரம் போனது.

“எப்பக் குத்துவீங்க?” என்றார்.

“மூணு தடவை குத்தியாச்சு.”

அவள் சுவரில் சாய்ந்தாள். பட்டறைத் தரையில் எப்போதும் ஊசி கிடக்கும். போன மாதம் சாயங்காலம் அவர் குதிகாலிலிருந்து ஒரு ஊசியை எடுத்திருக்கிறாள். காலையிலிருந்தே இருந்திருக்கும். மாஸ்டருக்குத் தோல் மரத்துப்போச்சு என்று பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

“தினமும் எவ்வளவு குடிப்பீங்க?”

“தினமும்லாம் இல்ல டாக்டர். கல்யாணம் காட்சின்னா.”

டாக்டர் எழுதப்போனார்.

“காலையில பன்னெண்டு மூடி,” என்றாள் அவள்.

பேனா நின்றது. “என்ன மூடி?”

“இருமல் மருந்து மூடி. பத்துக் கோடு. மத்தியானம் எட்டு. சாயங்காலம் அவரா வெளிய குடிப்பாரு. அரை பாட்டிலாவது இருக்கும்.”

“மூடியில யாரு ஊத்துறது?”

“நான்தான்.”

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. “காட்டிக் குடுத்துட்டியே, தையல்காரி,” என்றார் மெதுவாக.

டாக்டர் ஸ்கேன் தாளைத் திருப்பி வைத்தார். “வயித்துல இருக்கிறது கொழுப்பு இல்ல. நீர் கோத்திருக்கு. கல்லீரல் சுருங்கி இறுகிப்போச்சு. கை கால் சதையெல்லாம் கரைஞ்சிட்டு வருது. பாதத்து நரம்பு போயிட்டிருக்கு. இத்தனை வருஷக் குடியோட வேலை இது. இப்ப நிறுத்தினா இருக்கிறதக் காப்பாத்தலாம். இல்லன்னா அடுத்தது ரத்த வாந்திதான். இன்னிக்கே சேந்துடுங்க.”

“திங்கக்கிழமை வரேன்.”

“ஏன்?”

“நானூறு பிள்ளைங்க அம்மணமா நிக்கும் டாக்டர். பள்ளிக்கூடம் தொறக்குது. நான் வெட்டினாத்தான் இவங்க தைக்க முடியும்.”

டாக்டர் ரொம்ப நேரம் சொல்லிப் பார்த்தார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் டாக்டர் திங்கட்கிழமைக்குச் சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். “ஒண்ணு முக்கியம். அதுக்குள்ள வீட்டுல நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க. உடம்பு பழகிக் கிடக்கு. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து. இங்க படுக்க வச்சு, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். புரியுதா?”

“நல்லாப் புரியுது,” என்றார் அவர்.

வெளியே வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. “கேட்டியா? டாக்டரே நிறுத்த வேணாங்குது.”

டீக்கடையில் டீ வாங்கும்போது கடைக்காரரிடம் சொன்னார். “டாக்டர் சொல்லிட்டாங்க அண்ணே, நிறுத்தினா ஆபத்தாம்.” பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னார். அந்த ஆள் சிரித்தார். வீட்டுச் சந்தில் எதிரே வந்த தண்ணீர் கேன்காரரை நிறுத்திச் சொன்னார். அவள் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டரை. “எட்டு மூடி நேரம்,” என்றார். “வைத்தியம். தவறக்கூடாது.”

அவள் பாட்டிலை எடுத்து அடுப்படித் தொட்டியில் கவிழ்த்தாள். குடகுடவென்று போனது. பிளாஸ்கையும் கவிழ்த்தாள். மூடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தையல் மெஷின் மேலிருந்த துணிக் கத்தரியால் அதை இரண்டாக வெட்டினாள்.

துணிக் கத்தரியால் வேறு எதையும் வெட்டக்கூடாது. காகிதம்கூட வெட்டக்கூடாது. கூர் போய்விடும். அவர் முதலில் அதைத்தான் பார்த்தார்.

“கத்தரி போச்சு,” என்றார்.

“போகட்டும்.”

“டாக்டர் சொன்னது காதுல விழலயா?”

“அவங்க சொன்னதுல பாதியத்தான் நீங்க கேட்டீங்க.”

“நீ மத்தப் பாதிய மட்டும் கேட்டிருக்க.”

“பதினோரு வருஷமா என் கையால ஊத்தியிருக்கேன். இனிமே முடியாது. நிறுத்தாதேன்னு ஒரு டாக்டர் சொல்லுவாங்களா? நீங்க ஓடிடக்கூடாதுன்னு பயந்து சொன்னது அது.”

அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“சரி,” என்றார். “நீ ஊத்தலன்னா நான் குடிக்கல. வெளியிலயும் குடிக்கல. பந்தயம். திங்கக்கிழமை அந்தப் பொண்ணு முன்னாடி கைய நீட்டிக் காட்டுறேன்.”

அக்கா சாயங்காலம் போன் செய்தாள். திங்கட்கிழமைக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் அவள் சொன்னாள். மற்றதைச் சொல்லவில்லை. ஏன் இன்றே சேர்க்கவில்லை என்று அக்கா கத்துவாள் என்று நினைத்தாள். அக்கா அதற்கே கத்தினாள்.

*

வெள்ளிக்கிழமை அவர் சட்டை மூன்று தடவை நனைந்தது. புழுக்கம் என்றார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். பட்டறையில் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். துணி அடுக்கும் இரண்டு பெண்களையும் விரட்டினார். அடுக்கு முடிந்ததும் சாக்குக்கட்டியை எடுத்தார். கோடு மேலும் கீழும் போனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவது தடவை சாக்குக்கட்டி ஒடிந்தது.

“நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்றார்.

சனிக்கிழமை காலை முதலாளியம்மா மேசைக்கு வந்தாள். ஐம்பது வயசு. கணவர் போனபிறகு பட்டறையை நடத்துகிறாள். யாரையும் அதட்டியதில்லை. மேசையில் விரித்தது விரித்தபடி கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“என்ன மாஸ்டர் இப்படி நடுங்குறாரு? குளிர்காய்ச்சலா?”

“குடிய நிறுத்தியிருக்கு.”

“இப்பவா?”

“வேற எப்ப?”

முதலாளியம்மா பெருமூச்சு விட்டாள். “நல்லதுதான். யாரு வேணாங்கிறா. ஆனா ரெண்டே நாளு. நாலு மூடி ஊத்தேன். கை நிக்கட்டும். திங்கக்கிழமை காலையில நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்.”

“பதினோரு வருஷமா எல்லாரும் அப்படித்தான் சொன்னோம்.”

“நான் கெட்டதுக்குச் சொல்லல.”

“தெரியும்மா. நான் வெட்டுறேன்.”

“நீயா?”

பெண்கள் தையலை நிறுத்தித் திரும்பினார்கள். அவள் ஆணியில் தொங்கிய அவருடைய இரும்பு வலைக் கையுறையை எடுத்து இடது கையில் மாட்டினாள். பெரிதாக இருந்தது. மணிக்கட்டில் துணிப் பட்டையைச் சுற்றிக் கட்டினாள். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகள் தொடைக்கு அடியில். பல் கிட்டியது.

“மெஷினோட அடிக்கட்டை துணிக்குக் கீழ போகணும். தூக்கிப் பிடிக்காத. அது பாரம், தானா நிக்கும். நீ தள்ளினாப் போதும்.”

மெஷின் இரைந்தது. கத்தி மேலும் கீழும் வெறும் கோடாகத் தெரிந்தது.

“தள்ளு. பயப்படாத. பயந்தா நெளியும். ஆங். கோட்டப் பாக்காத, கோட்டுக்கு ஒரு விரல் முன்னாடி பாரு. வளைவு வருது. மெதுவா. தோள் வளைவுல அவசரப்பட்டா பிள்ளை கையத் தூக்க முடியாது.”

முதல் அடுக்கு முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவருக்குப் பத்து நிமிஷ வேலை. அவர் மேல் துணியையும் அடித் துணியையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைக்கச் சொன்னார். நூல் அளவு வித்தியாசம். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“என் வேலை போச்சு,” என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை, கண் நிறைந்திருந்தது. “முதலாளியம்மா, இனி இவளையே மாஸ்டருன்னு கூப்பிடுங்க. நான் பட்டன் தைக்கிறேன். கை ஆடுறதால துளையில நூல் தானாப் போகும்.”

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பாக்கியிருந்த ஏழு அடுக்கையும் வெட்டினாள். தோள் கழன்று விழுவது போல் இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அவர் இரண்டு இடத்தில் நின்றார். நாய் குரைக்கிறதா என்று கேட்டார். குரைக்கவில்லை.

“காது அடைச்சிருக்கும்,” என்றாள்.

*

மிச்சம் இருந்தது அடுக்கில் சேராத பிள்ளைகள். நானூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று பேர். ரொம்ப நெட்டை, ரொம்பக் குட்டை, ஒரு தோள் இறங்கியது, வயிறு தள்ளியது. அவர்களுக்கு அட்டை கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனியாகக் கோடு போட்டுத் தனியாக வெட்டவேண்டும். அந்த வேலையில் ஒரு முறை இருந்தது. அவள் நோட்டிலிருந்து அளவை வாசிப்பாள். அவர் கேட்டுக்கொண்டே கோடு போடுவார். நாலு எண்ணைக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்.

“கழுத்து பன்னெண்டு, தோள் பதிமூணரை, கை இருபத்தொண்ணு, இடுப்பு இருபத்திரெண்டு.”

“நெட்டைக் குச்சி. கடைசி பெஞ்சு. குனிஞ்சுதான் நடப்பான். பின்பக்கம் அரை இஞ்சு சேத்துக்கோ.”

ஒருதடவை அவள் இருபத்தொன்று என்பதை முப்பத்தொன்று என்று எழுதிவிட்டாள். வாசித்ததும் அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். “இந்தத் தோளுக்கு இந்த இடுப்பா? இப்படி ஒரு ஆள் பொறக்கவே இல்ல. போய்த் திரும்ப அளந்துட்டு வா.” போய் அளந்தாள். அவர் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறுபத்து மூன்றையும் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நோட்டையும் துணியையும் கொண்டுவந்திருந்தாள். அவர் காலையிலிருந்து படுத்தே இருந்தார். முட்டையை அவித்து வைத்தாள். தொடவில்லை. ரொட்டியை டீயில் நனைத்துக் கொடுத்தாள். நாலு வாய் போனது. நெற்றி சுட்டது. பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நாளைக்கு இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருப்போம் என்று தனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளங்கையை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். சுருக்கத்தை வெளியே தள்ளினார். விளிம்பைக் கிள்ளி இழுத்து இன்னொரு விளிம்போடு சேர்த்தார். துணி அடுக்கும்போது அப்படித்தான் செய்வார்.

அவளுக்கு நிம்மதி. அவருக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. கை பழையபடி தடவுகிறது.

“அடுக்கு போடுறீங்களா?”

“விளிம்பு சேர மாட்டேங்குது.”

“நான் பிடிக்கவா?”

“நீ வாசி.”

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். “கழுத்து பதினொண்ணு, தோள் பன்னெண்டு, கை பதினெட்டு, இடுப்பு இருபத்தாறு.”

“குண்டுப் பய. மூச்சு வாங்கும். பட்டனை ஒரு இஞ்சு தள்ளி வை.” விரலால் விரிப்பில் கோடு போட்டார். கோடு நேராக இருந்தது.

அவள் அடுத்ததை வாசித்தாள். அதற்கும் சரியாகச் சொன்னார். மூன்றாவதும் சரி. துணியை எடுத்துவந்து நிஜமாகவே போடச் சொல்லலாமா என்று பார்த்தாள். எழுந்தாள்.

“கதவ ஏன் மூடி வச்சிருக்க?” என்றார்.

“தெறந்துதான் இருக்கு.”

“அப்ப அதுங்கள ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்க? உள்ள வரச் சொல்லு. வரிசையா வரச் சொல்லு.”

அவள் சிரித்தாள். “ஆமா, நானூறும் வந்து நிக்குது.”

“சிரிக்காத. முன்னாடி நிக்கிறவனுக்கு மூக்குல ரத்தம் வருது.”

இறங்கினார். முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். கழுத்தில் டேப் இல்லை. இருப்பதுபோல எடுத்தார். அவருக்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்த இடத்தில், ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் தோள் இருக்கும் உயரத்தில், இரண்டு கைகளையும் வைத்தார். கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

“ஆடாத கண்ணு,” என்றார். “நீ ஆடினா மாமா எப்படி அளக்கிறது.”

அவள் சிரிப்பு நின்றது. “இங்க பாருங்க. யாரும் இல்ல. என்னப் பாருங்க.”

அவர் அவளைப் பார்த்தார். கண் அவளைத் தாண்டிப் போனது. “டீச்சர், ஒரு பத்து நிமிஷம். இந்த வகுப்ப முடிச்சிடுறேன்.”

அக்காவுக்குப் போன் போட்டாள். அவள் சொல்லச் சொல்ல அக்கா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்று கேட்டாள்.

“கடைசியா எப்பக் குடிச்சான்?”

“வியாழக்கிழமை காலையில.”

“யாரு நிறுத்தினது?”

“நான்தான்க்கா. நான்தான் கொட்டினேன்.”

“டாக்டரு சொல்லலியா?”

அவளுக்கு அழுகை வந்தது.

“ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? சரி விடு. அழாத. இப்ப ஊத்தாத, வாயில எதுவும் குடுக்காத. தலையணை வச்சு ஒருக்களிச்சுப் படுக்க வை. வலிப்பு வந்தாலும் கையக் காலப் பிடிக்காத. பேசிக்கிட்டே இரு. வண்டி எதுவாயிருந்தாலும் உடனே வா. ஒரு நிமிஷம் உக்காராத. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்.”

*

போன் செய்த பத்து நிமிஷத்தில் முதலாளியம்மா வேனோடு வந்தாள். தானே ஓட்டிவந்தாள். பின்பக்கம் வெட்டிய துணி மூட்டைகள் இருந்தன, சனிக்கிழமை அவள் வெட்டியவை. அவற்றை நகர்த்தி இடம் செய்து அவரைப் படுக்க வைத்தார்கள். அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு தடவை கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

“பிள்ளைங்கள விட்டுட்டுப் போறோம்.”

“வருதுங்க. பின்னாலயே வருதுங்க. படுங்க.”

“எத்தனை பேரு ஆச்சு?”

“இன்னும் இருக்கு.”

“அப்ப வாசி. சும்மா வராத.”

ஆஸ்பத்திரிச் சீட்டை நோட்டுக்குள்தான் வைத்திருந்தாள். நோட்டு மடியில் இருந்தது. திறந்து வாசித்தாள். அவர் படுத்தார். ஒரு மூட்டையில் விரலால் கோடு போட்டார். நிறுத்தினால் எழுந்தார். வாசித்தால் படுத்தார். அதனால் வாசித்தாள். வேன் குழியில் ஏறி இறங்கும்போது எழுத்து ஆடியது. கண்ணில் நீர் நிரம்பி எண்கள் கலைந்தன. துடைத்துவிட்டு வாசித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னார். இவன் தவழாமலே நடந்தவன். இவளுக்கு அக்கா சட்டைதான் எப்பவும், இதுதான் முதல் புதுசு. இவன் பந்து விளையாடுறவன், முழங்கால்ல ரெண்டு துணி வை.

“அம்மா, எவ்வளவு தூரம்?” என்று முன்னால் பார்த்துக் கேட்டாள்.

“பாலம் தாண்டிட்டா வந்துடும். லாரி நிக்குது.” முதலாளியம்மா ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை.

அவர் உடம்பு ஒருதடவை விறைத்துத் தளர்ந்தது. அவள் பயந்து குரலை உயர்த்தி வாசித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். வாசித்தாள். திருப்பினாள்.

கடைசிப் பக்கம் வந்துவிட்டது தெரியாமல், “தோள் பதினேழரை,” என்று தொடங்கிவிட்டாள்.

நிறுத்தினாள்.

“ம்,” என்றார்.

வேன் நகரவில்லை. அவர் ஒரு முழங்கையை ஊன்றினார். எழப்போனார்.

“கைச்சுற்று பத்தரை,” என்றாள். அவர் படுத்தார். “இடுப்பு நாப்பத்தி நாலு.”

மூட்டை மேல் ஓடிய விரல் நின்றது. நடுக்கமும் ஒரு கணம் நின்றது போல இருந்தது. நெற்றி சுருங்கியது. தப்பு வெட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால் வருகிற சுருக்கம். அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை கண் அவளிடம் நின்றது.

“இப்படி ஒரு ஆள் பொறக்கவே இல்லையே, தையல்காரி. யாரோட அளவு இது?”